சர்க்கரை எவ்வளவு?

பாதி சாத்திய ஜன்னல் வழியே வரும் மதிய வெயில், கட்டிலில் நீட்டியிருக்கும் அம்மாவின் கையில் விழுகிறது. தையல் மெஷினோடு வாழ்ந்த கை, ஊசிக்குப் பயந்ததில்லை. தெருவிலுள்ள அத்தனை பேரின் இடுப்பளவையும் தோளளவையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் அவள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் நடுவிரலில் குத்தி, முளைத்த ரத்தப் பொட்டைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் தொட்டு எடுக்கிறாள். 'பீப்' சத்தம் வந்ததும் கருவியை அம்மாவுக்குக் காட்டாமல் மகன் பக்கம் திருப்புகிறாள். அவன் அதைப் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போடுகிறான். "எவ்வளவுடா?" "நார்மல்தாம்மா. நீ பேசாம படு." சொல்லி வாய் மூடவில்லை, அவன் போன் டிங் டிங்கென்று கத்தத் தொடங்குகிறது. அக்கா, தம்பி, தம்பி பெண்டாட்டி என்று ஆளாளுக்கு! நார்மலுக்குத்தான் இத்தனை பேர் பதறுகிறார்களாம். தலையணை உறையைக் கசக்கிப் பிடிக்கிறாள் அம்மா. "என் ரத்தம்டா அது. குடும்பமே பாத்தாச்சு. நான் பாத்தா மட்டும் வானம் இடிஞ்சு விழுந்துடுமா?" மகன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நர்ஸைப் பார்க்கிறான். "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம் சார்" என்று அவள் புது ஊசியைப் பிரிக்கிறாள். "அம்மா, கையக் குடுங்க." ஐந்து விரல்களும் முஷ்டியாக மடங்கிப் போர்வைக்குள் போகின்றன. "நம்பர் அவனுக்குத்தானே வேணும்? அவன் விரல்ல குத்து."