ஏழரை மணிக் கொண்டை

"ஐயோ, வலிக்கறது! மெதுவா!"

"ஆடாம இரு. ஆடினா இன்னும் வலிக்கும்."

எதிர் ஃப்ளாட்டிலிருந்துதான். அபிராமபுரத்தில் அந்தப் பழைய ஃப்ளாட்ஸைக் கட்டின புண்ணியவான், ஒருத்தர் சமையலறை ஜன்னலுக்கு நேரே இன்னொருத்தர் பெட்ரூம் ஜன்னலை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜலஜாவுக்குக் காலைக் காபியோடு எதிராத்து சமாச்சாரமும் கிடைத்துவிடும்.

அடுப்பைச் சின்னதாக்கினாள். "கேட்டேளா?"

கணவன் அம்பி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நமக்கெதுக்குடி ஊர் வம்பு?"

"வம்பா! ஒரு பொம்மனாட்டி தினம் ஏழரை மணிக்குக் கத்தறா. நீங்க நன்னா பேப்பர் படிங்கோ!"

ஜலஜாவுக்கு இந்தச் சந்தேகம் நாலு மாதமாகவே உண்டு. எதிர் ஃப்ளாட் ஸ்ரீலக்ஷ்மி மாமியின் பின்னல், தெருவுக்கே தெரிந்த பின்னல். ஐம்பத்தெட்டு வயசிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும். 'சவுரியா, சொந்த முடியா?' என்று கோயில் பிராகாரத்தில் பின்னால் வருகிறவர்கள் கிசுகிசுப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மாமி இப்போது பின்னலே போடுவதில்லை. முடியை இரண்டாகப் பிரித்து முறுக்கி, தூக்கிச் சுருட்டி, கொண்டை ஊசிகளைச் செருகிக்கொண்டு வருகிறாள். அதுவும் கோணல்மாணலாக.

"ஏன்னு தெரியறதா? அவ ஆத்துக்காரர் பின்னலைப் பிடிச்சு இழுக்கறார். கைக்கு அகப்படாம இருக்கணும்னுதான் மாமி மேல தூக்கிச் செருகிண்டிருக்கா."

"ஜெயராமா? சேச்சே!" என்றார் அம்பி.

"என்ன சேச்சே? லிஃப்ட்ல பார்த்தா ஒரு சிரிப்பு உண்டா அந்த மூஞ்சியில?"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "போதும், விடுங்கோ!" என்று மாமியின் குரல் வந்ததோ இல்லையோ, ஜலஜாவின் பொறுமை போயே போய்விட்டது. பெருங்காயம் கேட்கிற சாக்கில் விறுவிறுவென்று போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

மாமி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஜெயராம் மாமா. மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் மாமியின் முடி, வாயில் வரிசையாகக் கொண்டை ஊசிகள். சொம்பில் சாய்த்து வைத்த செல்போனில், யாரோ ஒரு பெண் கொண்டை போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வாயில் ஊசியோடு 'வா' என்றுகூடச் சொல்ல முடியவில்லை, பாவம்.

மாமிதான் சிரித்தாள். "தோள்பட்டை பிடிச்சுண்டுடுத்து, ஜலஜா. கையைக் காதுக்கு மேல தூக்க முடியலை. 'வெட்டிடும்மா, நிம்மதி'ன்னுட்டா என் பொண்ணு. நான் ஒரு நாள் பூரா உட்கார்ந்து அழுதேன். இவர்தான், 'வீட்ல எவனாவது கத்தரிக்கோலை எடுத்தா தெரியும் சேதி'ன்னார்."

ஜெயராம் ஊசியை எடுத்துவிட்டு, ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற மாதிரி பேசினார். "பின்னித் தொங்க விட்டா நுனியெல்லாம் புடவைல, நாற்காலில உரசி உடைஞ்சு போறது. முறுக்கி மேல செருகிட்டா நுனி பத்திரம். இறுக்கிப் போடப்படாது. லூஸா இருக்கணும். நாலு மாசமாச்சு, நீளம் துளி குறையலை, பார்த்துக்கோ!"

"கொண்டையெல்லாம் நன்னாத்தான் இருக்கு. சிக்கெடுக்கறச்சேதான் பிராணன் போறது" என்றாள் மாமி.

ஜலஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் போலீஸுக்கே போன் போட்டிருப்பாள், கடங்காரி.

ஜெயராம் கடைசி ஊசியைச் செருகினார். ரெண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னிக்குப் பரவாயில்லை. கீழே பூக்காரிகிட்ட கதம்பம் வாங்கிண்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பெருங்காயம்தானே கேட்டே?" மாமி எழுந்தாள். சமையலறைக்குப் போய், வலது கையை உயர நீட்டி, மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

"மாமி! கை!"

மாமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசலை எட்டிப் பார்த்தாள். குரல் தானாக இறங்கியது.

"சரியாகி ஒரு மாசம் ஆச்சுடி. அவர்கிட்ட சொல்லிடாதே, உனக்குக் கோடி புண்ணியமாப் போகும். கல்யாணமான நாளா, எனக்குத் தலைவலின்னா மாத்திரை டப்பாவைக் கையால காட்டுவார். அவ்வளவுதான் அவர் பண்ற உபசாரம். இப்பத்தான் இந்தத் தலையை ஆசையாத் தொடறார். கை சரியாயிடுத்துன்னு சொன்னா, சீப்பை என் கையில கொடுத்துட்டுப் பேப்பர் படிக்கப் போயிடுவார்."

மாமியின் கண் கலங்கிவிட்டது. ஜலஜாவுக்கும்தான்.

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமி" என்று டப்பாவோடு வெளியே வந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. இலைப் பொட்டலத்தில் கதம்பத்தோடு ஜெயராம். அவர் பார்வை நேரே பெருங்காய டப்பாவுக்குப் போனது.

"மேல்தட்டுல இருந்ததாச்சே இது?"

ஜலஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது... நான்தான் மாமா... முக்காலி போட்டு ஏறி..."

"மழுப்பாதே." ஜெயராம் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கிட்டே வந்தார்.

"அவளுக்குக் கை சரியாயிடுத்துன்னு எனக்கு எப்பவோ தெரியும், ஜலஜா. கொடியில துணி உலர்த்தறதைப் பார்த்துட்டேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. அப்புறம் ஊசியெல்லாம் என் கையிலேர்ந்து பிடுங்கிண்டுடுவா."