மூலையில் ஒரு குட்டி அம்பு

பென் டிரைவைச் செருகச் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தாள்.

யாரோ வீட்டுக்கு வரப்போகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

புதுக் கம்ப்யூட்டர், புது ஸ்பீக்கர், இரண்டும் நான் வாங்கி வந்தவை. பழசில் அத்தானின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்று அவள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. இன்றைக்குப் பதினோராவதைக் கேட்டுவிடுகிறேன் என்றாள்.

அத்தான் வாய் ஓயாத மனிதர். தொண்டையில் ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதும் என்னைத்தான் கூப்பிட்டார். ஒரே மூச்சில் அக்காவுக்காகப் பதினொன்று பேசிப் பதிவு செய்தார். பெயர்களையும் அவரே வைத்தார். 'கேட்டைப் பூட்டினியா'. 'கண்ணாடி உன் தலையிலதான் இருக்கு'. 'சும்மா'. 'உன் தம்பியைப் பற்றிச் சில உண்மைகள்'. இப்படிப் பத்து.

கடைசிக்கு 'பிறகு' என்று பெயர்.

குரல் போன எட்டாவது மாதம் அவரும் போனார்.

அக்கா அந்தப் பத்தையும் தினமும் கேட்டாள். சமைத்துக்கொண்டே கேட்டாள், துணி மடித்துக்கொண்டே கேட்டாள், சில இடங்களில் பதிலும் சொன்னாள். பதினோராவதை மட்டும் தொடவில்லை. அதையும் கேட்டுவிட்டால் அவர் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது என்பாள். இரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

திரையில் பதினொரு சின்னப் படங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்பு.



அந்த அம்புகளை வைத்தவனே நான்தான். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்த் தேட அக்காவுக்கு வராது. அதனால் முதல் திரையிலேயே பதினொன்றுக்கும் ஷார்ட்கட் போட்டுவைத்து, இதுதான் அத்தான் குரல், தொட்டால் பேசுவார் என்று சொல்லிக்கொடுத்தேன். மூலையில் அது என்ன அம்பு என்று அவள் அன்றைக்கே கேட்டாள். அது ஒன்றுமில்லை, அப்படித்தான் இருக்கும் என்றேன். ஷார்ட்கட் என்பது வெறும் விலாசம், ஆள் அதற்குள் இல்லை என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு என் கம்ப்யூட்டர் கடையைத் திறக்கிற அவசரம்.

அக்கா அந்த விலாசங்களைத்தான் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறாள்.

அசட்டையாக எடுக்கவில்லை. எடுத்த பிறகு பென் டிரைவிலிருந்தே, பதினோராவதைத் தவிர, ஒவ்வொன்றையும் திறந்து சோதித்துப் பார்த்திருக்கிறாள். பழைய மெஷினில் செருகியிருந்தவரை விலாசம் சரியாகத்தானே இருக்கும். பத்தும் பேசியிருக்கின்றன.

இப்போது 'பிறகு' மேல் வைத்து அழுத்தினாள்.

இந்த ஷார்ட்கட் காட்டும் ஃபைல் இங்கே இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. மூடிவிட்டு 'சும்மா'வைத் திறந்தாள். அதே பெட்டி. 'கேட்டைப் பூட்டினியா'வுக்கும் அதே பெட்டி.

அக்கா சிரித்தாள். புது மெஷினுக்கு உங்கள் அத்தான் இன்னும் பழகவில்லை போலிருக்கிறது, கடையிலிருந்து பழசையே தூக்கிக்கொண்டு வா, தகர டப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள்.

பழசு கடையில்தான் இருந்தது. ஒரு காலேஜ் பெண்ணுக்குக் கொடுப்பதற்காக நேற்று மத்தியானம் அதிலிருந்ததையெல்லாம் துடைத்து வைத்திருந்தேன். துடைப்பதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்து எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்கவும் செய்தேன். பதினொன்றும் பத்திரம் என்றாள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. ஊர்க் கம்ப்யூட்டரையெல்லாம் பார்க்கிறவன், அக்காவின் பென் டிரைவைத் திறந்து பார்க்கவில்லை.

யாரும் தோண்டி எடுத்துவிடக் கூடாது என்று மூன்று தடவை அழித்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை. நான் அழித்தது திரும்பி வராது என்று கடையில் போர்டே வைத்திருக்கிறேன். அத்தான் நேராக அந்த மெஷினில்தான் பேசினார், வேறெங்கும் அதற்கு நகல் கிடையாது.

எல்லாவற்றையும் சொன்னேன். 

அக்கா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் அந்தப் பெயர்கள் மட்டும் இருந்தன. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஏதோ ஞாபகம் வந்து சட்டென்று என் பக்கம் திரும்பினாள். முகத்தில் உயிர் வந்திருந்தது.

"நீதானேடா பக்கத்துல உக்காந்து பதிவு பண்ணின? கடைசியா அவர் என்ன சொன்னார்னு மட்டும் சொல்லு. அது போதும் எனக்கு."

அன்று ஹெட்போன் என் காதில்தான் இருந்தது. காதில் மாட்டியிருந்தேனே தவிர ஒரு வார்த்தையையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சத்தம் கூடினால் திரையில் ஓடும் பச்சைக் கோடு சிவப்பாகிவிடும். சிவப்பாகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

பேசி முடித்துவிட்டு அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தார்.

"சத்தம் சுத்தமா வந்திருக்கு அத்தான்" என்றேன்.