ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒரு நீல மணி

இன்ஷிராஹ் கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தாள். போன வருடம் இதே ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் அவளுடைய முதல் பிள்ளையின் துடிப்பு நின்றிருந்தது.

"கண்ணத் தொறடி. எங்க அண்ணன் மூக்கேதான், பாவம் பிள்ளை!" என்றாள் நாத்தனார் வகீதா.

நான் அலெக்சாண்ட்ரியாவில் இருபது வருடமாக ஸ்கேன் எடுக்கிறேன். விளக்கிச் சொன்னால் பயம் குறையும்.

"உள்ளே ஒலியை அனுப்புறோம்மா. தண்ணி அதைக் கடந்துபோக விட்டுடும், அதனால கறுப்பு. எலும்பு திருப்பி அனுப்பும், அதனால வெள்ளை. இந்தப் பழைய மெஷின்ல வேற நிறமே வராது. துடிப்பு நூத்தி நாப்பத்தெட்டு. நல்லா இருக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள்.

பிள்ளையின் உள்ளங்கையில், கண்ணு படாமலிருக்கக் குழந்தைகளுக்குக் கட்டும் மணி ஒன்று சின்னதாக இருந்தது. அது நீலமாக இருந்தது. மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். அப்போதும் நீலம்தான்.

"பெரியவனை அடக்கம் பண்ணினப்போ கஃபன் துணியில நான் வச்சது," என்றாள் இன்ஷிராஹ்.

"மண்ணுக்குள்ள போற பிள்ளைக்கு எவன்டி கண்ணு போடப்போறான்னு அன்னிக்கே திட்டினேனே!" என்றாள் வகீதா.

இன்ஷிராஹ் திரையைத் தொட்டாள்.

"அண்ணன் குடுத்தானாடா? பத்திரமா வச்சுக்கோ."

சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி மணியை மூடிக்கொண்டன. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையானது.