எந்தத் தேதியில் முனைவர்?

டிசம்பர் வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழ, ஆய்வேட்டின் ஒப்புதல் பக்கத்தில் ஐந்து பேராசிரியர்களும் நேற்றுக் குத்திய சிவப்பு முத்திரைகள், எண்ணெய் மை இன்னும் காயாததால், ஈரமாய் மின்னுகின்றன. தென்கொரியாவின் தெகு நகரத்துப் பல்கலைக்கழக அலுவலகத்தில் நிற்கும் ஹெயின் அவற்றையே பார்க்கிறாள். "அப்ப நான் எப்போ சார் டாக்டர் ஆனேன்? முத்திரை விழுந்தப்பவா?" "இன்னும் ஆகலம்மா," என்கிறார் எழுத்தர் பியோன், ஹீட்டர் முன் குளிர்காய்ந்தபடி. "பட்டத்துல பிப்ரவரித் தேதிதான் போடுவோம். அதுவரைக்கும் நீங்க ஸ்டூடண்ட்தான்." அவள் கைபேசியை நீட்டுகிறாள். படத்தில் அவள் ஊர் முகப்பு, பனி படிந்த பேனர்: 'மெங் வீட்டு மகள் முனைவர் ஆனார்!' நேற்றே கட்டிவிட்டார்கள். அம்மாவை அழைத்துத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்கிறாள். "கழட்டறதா? ஊருக்கே அரிசி கேக் குடுத்தாச்சுடி! அவங்களத் தேதிய மாத்தச் சொல்லு!" அறை முழுக்கக் கேட்கிறது. பியோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாட்காட்டிப் பக்கம் திரும்புகிறார். ஹெயின் ஒரு முத்திரையை மெல்லத் தொட்டுப் பார்க்கிறாள். மை விரலில் ஒட்டிக்கொள்கிறது.