ஒன்பது மதிப்பெண் முன்னிலை

"அவளை வேற ஹவுஸுக்கு மாத்திடுங்க மிஸ். இல்லன்னா கப்பை மறந்துட வேண்டியதுதான்."

"ஒரு சின்னப் பொண்ணு லேட்டா வர்றான்னு ஹவுஸையே மாத்துவாங்களா?"

"தினமும் ரெண்டு மார்க் மிஸ்! நாங்க ஓடி, குதிச்சு, முட்டியைப் பேத்துக்கிட்டு சேர்க்கிறதை இவ சும்மா நடந்து வந்தே கரைச்சுடறா."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். எதிரே நின்றவள் நீல இல்லத்தின் கேப்டன். பன்னிரண்டாம் வகுப்பு. சட்டையில் குத்தியிருந்த பட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் நான்கு நிற இல்லங்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவர்கள். நீல இல்லம் இந்த ஆசிரியையின் பொறுப்புக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. பழைய ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் பாதியைக் காற்றுப்போன பந்துகள் பிடித்துக்கொள்ள, மீதியில் ஒரு மேசை, ஒரு கரும்பலகை. பலகையில் நீலம் ஒன்பது மதிப்பெண் முன்னால் இருந்தது. நாளை மாலையோடு கணக்கு முடிகிறது. ஜெயிக்கும் இல்லத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஐந்து நாள் கடற்கரை முகாமுக்கு அழைத்துப் போவார்கள்.

மதிப்பெண் மட்டுமே ஆசிரியையின் வேலை இல்லை. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இதுவரை நூற்றுப் பதினெட்டுப் பேரும் "நல்லா இருக்காங்க மிஸ்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

கேப்டன் போனதும், புகாருக்கு உரியவளை வரச் சொன்னாள். ஆறாம் வகுப்பு. 'ரெண்டாம் மணி' என்றால்தான் பள்ளியில் அவளைத் தெரியும்.

"ஏம்மா, முந்தாநாள் ஏன் லேட்டு?"

"பஸ் வரல மிஸ்."

"நேத்து?"

"செருப்பு அறுந்துடுச்சு."

"இன்னிக்கு?"

சிறுமி யோசித்தாள். "இன்னிக்கும் பஸ்தான் மிஸ்."

"நாளைக்கு செருப்பா?"

சிறுமி தலை குனிந்துகொண்டாள். சிரிக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது வாயில்காவலர் தானாகவே பேச்சை எடுத்தார்.

"அந்தப் புள்ள லேட்டுன்னு யாருங்க சொன்னது? நான் கேட்டைத் திறக்குறப்பவே வந்துடும். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால போய் நின்னுக்கும். ரெண்டாவது மணி அடிச்ச பிறகுதான் ஆடி அசைஞ்சு உள்ள வரும். எனக்கென்ன வந்துச்சுன்னு இருந்துட்டேன்."

மறுநாள் காலையில் ஆசிரியை தன் கண்ணாலேயே பார்த்தாள். தகரக் கொட்டகைக்குப் பின்னால் புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள் சிறுமி. முதல் மணி அடித்தது. நகரவில்லை. பிள்ளைகள் அவளைத் தாண்டி ஓடினார்கள். இரண்டாவது மணி ஓய்ந்த பிறகு, செருப்பைத் தரையில் தேய்த்தபடி நடந்து போய், தாமதப் பதிவேட்டின் முன் நல்ல பிள்ளையாக நின்றாள். நீலத்தின் முன்னிலை ஏழானது.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள் ஆசிரியை. கேப்டன் எல்லார் முன்னாலும் திட்டியிருப்பாள். இவள் இப்படிப் பழி தீர்த்துக்கொள்கிறாள். பதினொரு வயதில் இவ்வளவு நெஞ்சழுத்தமா?

மதிய இடைவேளையில் இருவரையும் ஒன்றாக வரவழைத்தாள்.

"உன்னை மஞ்சள் ஹவுஸுக்கு மாத்தப் போறேன்மா. இங்க இருக்க உனக்குப் பிடிக்கலைன்னு தெரியுது. சம்மதமா?"

அழுவாள் என்று எதிர்பார்த்தாள். சிறுமியின் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

"இன்னிக்கே மாத்திடுவீங்களா மிஸ்?"

"அவ்ளோ அவசரமா உனக்கு?"

"அவளுக்குத் துணியில மஞ்சக் கறை பட்டாக்கூடப் பிடிக்காது மிஸ்," என்று சொல்லிவிட்டு, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள் கேப்டன். "சும்மா சொன்னேன். படிவத்தைக் குடுங்க, ஆபீஸ்ல நானே குடுத்துட்டு வரேன்."

இப்படியும் ஒரு பகையா என்று வியந்தபடியே ஆசிரியை கையெழுத்துப் போட்டாள்.

மூன்றரை மணிக்குக் கேப்டன் மட்டும் திரும்பி வந்தாள். படிவம் கையிலேயே இருந்தது. நீலப் பட்டையைத் தொடவே இல்லை.

"முடியாதுன்னு சொல்லிட்டாங்க மிஸ்."

"ஏனாம்?"

கேப்டன் பலகையைப் பார்த்தாள்.

"அக்கா தங்கச்சியைப் பிரிச்சுப் போடக் கூடாதாம். அவ என் தங்கச்சி மிஸ், நான்தான் அவளை ஷெட்டுக்குப் பின்னால நிக்கச் சொன்னேன். நாம ஜெயிச்சா ரெண்டு பேருமே முகாமுக்குப் போயாகணும். வரலைன்னா அம்மா நேர்ல வந்து காரணம் சொல்லணும். அம்மா எழுந்து உட்கார்ந்தே ஒரு வருஷம் ஆச்சு. நாங்க ரெண்டு பேர்தான் திருப்பிப் படுக்க வைக்கிறோம். அவ வேற ஹவுஸுக்குப் போயிருந்தா, அவளாவது அம்மாகூட இருந்திருப்பா. வெளிய தெரிஞ்சா எங்களை எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்துடுவாங்க." சுண்ணக்கட்டியை எடுத்து ஆசிரியையிடம் நீட்டினாள். "மணி அடிக்க இன்னும் அரைமணி இருக்கு. ஏதாவது ஒரு தப்பை எழுதி, நம்ம ஹவுஸுக்கு ஒரு பத்து மார்க் குறைச்சுடுறீங்களா மிஸ்?"