தாடைக்குக் கீழே

லிஃப்ட் கண்ணாடியில் பார்த்து, இமெல்டா தலைமயிரை இன்னொரு முறை காதுக்கு முன்னால் இழுத்துவிட்டாள்.

தையல் பிரித்த கோடு காதின் முன் மடிப்போடு இறங்கி, காதுச் சோணையைச் சுற்றிக்கொண்டு பின்னால் மயிருக்குள் போய் மறைந்தது. சிவப்பு இன்னும் ஆறவில்லை. தோடு போட டொக்டர் விடவில்லை. வெறும் காதோடு அவள் வீட்டுப் படி தாண்டியதே இல்லை.

பரவாயில்லை. இன்றைக்குப் புருஷன் ஞானேந்திரன் அவளைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மறதி அவருக்குப் பிந்திய காலத்திலிருந்து முந்திய காலத்துக்குப் போனது. முதலில் பேரப்பிள்ளைகள் நினைவிலிருந்து போனார்கள். பிறகு வேலை பார்த்த இடம் போனது. கடைசியில் மனைவியும் போனாள்.

லவால் நகரில் இருக்கும் இந்தப் பராமரிப்பு இல்லத்தில், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கலியாணப் படம் ஒன்று நிற்கிறது. அதை மட்டும் அவர் மறக்கவில்லை.

"இவ என்ர மனிசி. ஸ்பொன்சர் அலுவல் முடிஞ்சா வந்திடுவா, அம்மா" என்று படத்தைக் காட்டி இமெல்டாவிடமே சொல்லுவார்.

அகதியாக முதலில் வந்தவர் அவர்தான். அவளைக் கூப்பிட்டு எடுக்க வருடக்கணக்கானது. மறதி அவரைக் கொண்டுபோய் அந்த வருடங்களுக்குள் இருத்திவிட்டது. கட்டிய புருஷன் தன்னை யாரோ ஒரு கிழவி என்று நினைத்து மரியாதையாக "அம்மா" என்று கூப்பிட்டால் எவளுக்குத்தான் பொறுக்கும்? இமெல்டாவுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் டொக்டரிடம் கொண்டுபோனாள்.

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த முகத்தைத் தர முடியாது, கிட்டக் கொண்டுபோகலாம் என்றார். தோலை மட்டும் இழுத்தால் கொஞ்ச நாளில் பழையபடி தொங்கும், உள்ளே இருக்கும் தசைப்படலத்தையும் தூக்கித் தைக்க வேண்டும், தாடைக்குக் கீழே மிஞ்சும் தோலை வெட்டி எடுத்துவிடலாம் என்று விளக்கினார்.

முதலில் அதை எடுங்கள் என்றாள் இமெல்டா.

அதன் மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு. கரண்டியால் சாப்பாடு தீத்தும்போது ஞானேந்திரனின் கை தானாக எழும்பி வந்து அந்தத் தொங்கு தோலைப் பிடித்துக்கொள்ளும். அதை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே, மனிசி வருவாள் என்று கதை சொல்லுவார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

"அம்மா, உங்களுக்கு என்ன விசரா?" என்று கத்திய மகள் றெபேக்காதான் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவளை வீட்டில் வைத்துப் பார்த்தாள். தாடையைச் சுற்றிக் கட்டு. காதுக்குப் பின்னால் இரத்தம் வடிய ஒரு மெல்லிய குழாய். சாய்ந்திருந்தபடியே நித்திரை. குனியக் கூடாது, சப்பிச் சாப்பிடக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. இரத்தம் கண்டிய நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மெல்ல மெல்லக் கழுத்து வழியே இறங்கிப் போனது.

தேவாலயப் பங்கில் விசாரித்தவர்களுக்கு, அம்மா ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டில் நிற்கிறா என்று பொய் சொல்லியாயிற்று.

வீங்கிய முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்க இமெல்டா விரும்பவில்லை. அந்தக் கிழமைகளில் றெபேக்காதான் இல்லத்துக்குப் போய்வந்தாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, கதவையே பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று வந்து சொன்னாள்.

என்னைத்தானே பார்க்கிறார் என்று இமெல்டா நினைத்தாள். அந்த நினைப்பில் நோவும் குறைந்த மாதிரி இருந்தது.

லிஃப்ட் திறந்தது. எத்தனையோ வருடமாக அவளைத் தெரிந்த தாதி "போன்ஜூர்" சொல்லிவிட்டு, நீங்கள் ஞானேந்திரனின் மற்ற மகளா என்று கேட்டாள். இமெல்டாவின் கால்கள் கொஞ்சம் வேகமாக நடந்தன.

ஞானேந்திரன் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். சேட்டு தோளில் நிற்கவில்லை.

அவள் கழுத்துச் சால்வையைக் கழற்றினாள்.

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மெல்டா" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எவ்வளவு காலம். கண்ணீர் வந்தது. கன்னம் இன்னும் மரத்துக் கிடந்ததால் அது ஓடுவது தெரியவில்லை. உப்பு வாய்க்குள் வந்த பிறகுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

கொண்டுவந்த இடியப்பத்தைச் சொதியில் குழைத்து ஒரு கரண்டி கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். அவருடைய கை எழும்பி அவள் முகத்துக்கு வந்தது.

தொட்டது கண்ணுக்குத் தெரிந்தது. தோலுக்குத் தெரியவில்லை.

கை தாடைக்குக் கீழே இறங்கியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது, இருட்டில் சுவிச்சைத் தேடுவதுபோலத் திரும்பவும் முதலில் இருந்து தடவியது. பிறகு அவருடைய மடியில் விழுந்தது.

அடுத்த கரண்டிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தீத்திவிட ஒரு அம்மா வாறவ, மெல்டா. கன நாளாக் காணேல்ல. அவவுக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு ஒருக்கா விசாரியும். உமக்கு அவவைத் தெரியாது. நீர் வரும் வரைக்கும் அவதான் என்னோட இருந்தவ."

விசாரிக்கிறேன் என்று இமெல்டா தலையாட்டினாள்.

வெட்டி எடுத்த தோலைத் திரும்ப வைத்துத் தைப்பார்களா என்று அந்த நேரத்தில் உண்மையாகவே யோசித்தாள்.