இருபத்தைந்தாம் நாள்

கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையின் தனியறை. மதிய வெயில் கட்டில்வரை வந்து கிடக்கிறது. துபாயிலிருந்து குரங்கம்மையோடு திரும்பிய மார்ட்டின், கடைசிப் பொருக்கு உதிரும்வரை யாரையும் தொடக்கூடாது. கவச உடைக்குள் வியர்த்தபடி நர்ஸ் பெரியநாயகி அவன் கைகளைப் புரட்டிப் பார்க்கிறாள். எங்கும் புதுத்தோல் வெளிறித் தெரிகிறது.

"எல்லாம் உதிர்ந்துபோச்சிங்க. இன்னிக்கே வூட்டுக்குப் போலாம்."

சன்னல் கண்ணாடிக்கு வெளியே அவன் மனைவி ரீத்தா, அவன் இன்னும் தொட்டிராத மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாள். மார்ட்டின் நெடுநேரம் பார்க்கிறான். பிறகு மெதுவாகக் காலைத் தூக்கி, விரலிடுக்கை விரிக்கிறான்.

"இங்க ஒண்ணு இருக்குதுங்க சிஸ்டர்."

பெரியநாயகி ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறாள். வெளியே ரீத்தா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.